மெலிவு என்னும் சரக்கு

புகையிலை வியாபாரிகள் புகையிலையை மட்டும் விற்ற காலம் மிகவும் குறைவு. வீரம், நாகரிகம், சுதந்தரம், செல்வச் சிறப்பு என்று அவ்வக் காலத்து மனிதர் எதற்கெல்லாம் ஏங்கினார்களோ அதையெல்லாம் புகையிலையோடு சேர்த்துப் பொட்டலம் கட்டித் தந்த சாமர்த்தியம் அவர்களுடையது. அவ்வாறு அவர்கள் விற்றவற்றுள் மிக நீண்ட நாள் விலைபோனதும், ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் மவுசு குறையாமல், இன்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் மின்கலம் பொருத்திய ஒரு சிறு குழலின் உருவத்தில் வந்து புகுந்திருப்பதும், மெலிந்த உடல் என்னும் சரக்கே ஆகும். அச்சரக்கு எங்கே உற்பத்தியாயிற்று, அதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு, வளரும் பிள்ளைகள் அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பவற்றை இந்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.

ஒரு விளம்பரத்தின் வரலாறு

1928-ஆம் ஆண்டில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் தலைவராக விளங்கியவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். நியூயார்க் நகரத்துத் தெருவொன்றில் தம்முடைய மோட்டார் வண்டி நின்ற சமயத்தில், பருத்த மேனியளான ஒரு பெண் எதையோ மென்றுகொண்டு ஓரத்தில் நின்றதையும், ஒல்லியான மற்றொரு பெண் நீண்ட குழலில் சிகரெட்டைச் செருகிப் புகைத்தபடி பக்கத்து வாடகை வண்டியில் அமர்ந்திருந்ததையும் கண்டதாகவும், அந்தக் கணமே ஒரு விளம்பரம் தம் மனத்தில் உதித்துவிட்டதாகவும் அவர் சொல்லிக்கொள்வதுண்டு. கதை புனைவாகவே இருக்கலாம், விளம்பரம் மெய். இனிப்புத் தின்ன ஆசை எழும்போது அதற்குப் பதிலாக லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி அது பெண்களுக்கு உபதேசித்தது. மிட்டாய் உற்பத்தியாளர்கள் வெகுண்டெழுந்து ஆட்சேபித்ததன் பயனாக, சில காலத்திற்குப் பின் இனிப்பு என்ற சொல் மட்டும் வாசகத்திலிருந்து அகற்றப்பட்டதே தவிர, அதன் கருத்து எவர் மனத்தைவிட்டும் அகலவில்லை.

1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, ஹில்லுக்காக வேலை செய்த எட்வர்ட் பெர்னேஸ் என்பவர், நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் நடந்த ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலரைப் பலரறியச் சிகரெட்டு பற்றவைத்து நடக்கும்படி ஏற்பாடு செய்தார். உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் ஃப்ராய்டின் சகோதரி மகன் அவர். மனித மனத்தின் மறைவான ஆசைகளை வியாபாரத்திற்குப் பயன்படுத்தலாம் என்பதில் அசைக்க முடியாத நம்பிக்கை உடையவர். அந்தச் சிகரெட்டுகளைப் பெண் விடுதலையின் தீபங்களென்று அவர் பத்திரிகைகளுக்கு அறிமுகம் செய்து வைத்தார். ஆண்களுக்குச் சமானமாக நிற்கும் உரிமை, ஆண்களின் கண்ணுக்கு மெலிந்து தோன்றும் அழகு என்ற ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு ஆசைகளை ஒரே பெட்டிக்குள் அடைத்த பெருமை அக்காலத்து விளம்பரக் கலையையே சாரும்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1968-இல், ஃபிலிப் மோரிஸ் கம்பெனி பெண்களுக்கென்றே வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்ற சிகரெட்டை வெளியிட்டது. பெயரிலேயே மெலிவு இருந்தது. சிகரெட்டும் மற்றவற்றைக் காட்டிலும் மெல்லியதாகச் சுருட்டப்பட்டிருந்தது. பெண்களுக்கான இத்தகைய சிகரெட்டுகள் கடைக்கு வந்த அக்காலப் பகுதியில், 18 வயது நிரம்பாத பெண்களிடையே புகைக்கத் தொடங்குவோரின் விகிதம் திடீரென்று உயர்ந்ததையும், அதே வயதுப் பையன்களிடையே அத்தகைய உயர்வு இல்லாததையும், ஜான் பியர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1994-இல் எடுத்துக்காட்டினார்கள். விளம்பரம் வயது வந்த பெண்களை நோக்கி எழுதப்பட்டிருக்கலாம். அதைக் கருத்தூன்றிப் படித்தவர்கள் அவர்களுடைய தங்கைமார்.

பசியும் நிக்கோட்டினும்

இவ்விளம்பரங்களை முழுப் பொய்யென்று தள்ளிவிட முடியுமானால் நம் வேலை எளிதாகிவிடும். ஆனால் அவற்றில் ஓரளவு உண்மை இருந்தது. அந்த உண்மையே அவற்றின் பலம். வயது வந்தவர்களைச் சராசரியாக எடுத்துப் பார்த்தால், புகைப்பவர்கள் புகைக்காதவர்களைவிட நான்கைந்து கிலோ எடை குறைந்தே காணப்படுகிறார்கள். இதற்குக் காரணம் புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்பதும் நெடுநாளாகவே தெரியும். அது உடலுக்குள் எவ்விடத்தில், எவ்வாறு தொழிற்படுகிறது என்பதுதான் வெகுகாலம் தெளிவுபடாமல் இருந்தது.

மூளையின் அடிப்பகுதியில் சுமார் நான்கு கிராம் எடையே உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. உடலின் வெப்பம், தாகம், உறக்கம், பசி ஆகிய ஆதாரமான காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பு அதற்கு உண்டு. அதற்குள்ளே வில்வடிவக் கரு என்று உடற்கூற்று நூலார் அழைக்கும் சிறு கூட்டத்தில் இரண்டு வகை நரம்பணுக்கள் அருகருகே வாழ்கின்றன: ஒரு வகை உண்ணத் தூண்டுவது, பி.ஓ.எம்.சி. என்று சுருக்கமாக வழங்கும் மற்றொரு வகை போதுமென்று சொல்வது. உண்ட உணவும் உடலிற் சேர்ந்த கொழுப்பும் இரத்தத்தின் வழியே அனுப்பும் செய்திகளைக் கேட்டு, இந்த இரண்டு வகையும் தமக்குள் ஒரு முடிவுக்கு வருவதையே நாம் பசியென்றும் நிறைவென்றும் அநுபவிக்கிறோம்.

யேல் பல்கலைக்கழகத்தில் மரீனா பிச்சோட்டோ என்பவரின் ஆய்வுக்கூடத்தில், மனச்சோர்வுக்கு மருந்து தேடும் முயற்சியாக, நிக்கோட்டினை ஒத்த பொருள்களைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொருளைப் பெற்ற எலிகள் வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்பது தற்செயலாகக் கவனத்திற்கு வந்தது. தேடியது கிடைக்கும் முன்பே தேடாதது கண்ணில் படுவது விஞ்ஞானத்தில் அபூர்வமன்று. அதைப் பொருட்படுத்தி நின்று பார்ப்பதுதான் அபூர்வம். அவர்கள் நின்று பார்த்து, 2011-இல் வெளியிட்ட முடிவு இது: நிக்கோட்டின், போதுமென்று சொல்லும் பி.ஓ.எம்.சி. அணுக்களின் மேலுள்ள ஒரு தனி வகை ஏற்பியைப் பற்றிக்கொண்டு, வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதே அவை நிறைவுச் செய்தியை அனுப்பும்படி செய்துவிடுகிறது. அவ்வணுக்களையோ அந்த ஏற்பியையோ முடக்கிய எலிகளிடம் நிக்கோட்டின் பசியைக் குறைக்கவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், ஆல்பா-3 பீட்டா-4 எனப்படும் இந்த ஏற்பி, மனிதரைப் புகைக்கு அடிமையாக்குவதில் பெரும்பங்கு கொள்ளும் ஆல்பா-4 பீட்டா-2 ஏற்பியினின்றும் வேறானது. பசியை அடக்குவதும் அடிமை கொள்வதும் இயற்கையில் இரண்டு தனித் தொழில்கள். நிக்கோட்டின் இரண்டையும் ஒருங்கே செய்கிறது. ஒன்றை மட்டும் பெற்று மற்றதைத் தள்ளிவிடலாமென்று எண்ணிக் குழலை வாயில் வைப்பவருக்கு அந்தத் தேர்வு கிடையாது.

நிக்கோட்டின் பசியைக் குறைப்பதோடு உடலின் எரிபொருட் செலவையும் சிறிது கூட்டுகிறது. 1986-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புகைப்பவர்களை ஒரு நாள் முழுதும் மூடிய அறையில் இருக்கச் செய்து, அவர்கள் சுவாசித்த வாயுவை அளந்து கணக்கிட்டபோது, 24 சிகரெட்டு பிடித்த நாளில் அவர்களுடைய சக்திச் செலவு ஏறத்தாழ பத்து சதவீதம், அதாவது 200 கலோரிக்குச் சற்று மிகுதியாக உயர்ந்திருந்தது. இனிப்புத் துண்டு ஒன்றிரண்டில் அடங்கிவிடும் இந்த 200 கலோரிக்காக ஒரு பெட்டிக்கும் மேற்பட்ட சிகரெட்டைப் புகைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மேலும் இந்த உபகாரம் நிலையானதன்று. இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அது குறையக் குறைய, அடக்கி வைத்த பசி திரும்புகிறது. ஆகவே பசி அடங்கியே இருக்க வேண்டுமானால் குழல் ஓயாமல் வாய்க்கு வந்துகொண்டிருக்க வேண்டும். பழக்கத்தை அடியோடு விட்டவர்களின் அநுபவமும் இதையே காட்டுகிறது. சிகரெட்டை நிறுத்தியோர் பன்னிரண்டு மாதங்களில் சராசரியாக 4.7 கிலோ எடை கூடுகிறார்கள் என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த ஓர் அறிக்கை 2012-இல் கண்டது. ஆயினும் இந்தச் சராசரிக்குள் ஏராளமான வேற்றுமை ஒளிந்திருக்கிறது. நிறுத்தியவர்களுள் 16 சதவீதத்தினர் எடை குறைந்தார்கள், 13 சதவீதத்தினர் பத்து கிலோவுக்கு மேல் கூடினார்கள். நிக்கோட்டின் கந்துவட்டிக்காரனின் சுபாவம் உடையது: கேட்ட மாத்திரத்தில் கடன் கொடுக்கும், முதலைக் கேட்கும் நாளில் வட்டியின் கனம் தெரியும்.

புதிய கருவி

சீன தேசத்து மருந்தாளர் ஹோன் லிக், தாமும் புகைப்பவர். நுரையீரற் புற்றுநோய்க்குத் தம் தந்தையாரைப் பறிகொடுத்தவர். நெருப்பும் புகையும் இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் தரும் மின்சிகரெட்டு என்னும் கருவியை 2003-ஆம் ஆண்டளவில் அவர் அமைத்தார். நோக்கம் நல்லது, பயனும் இல்லாமற் போகவில்லை. சிகரெட்டை விட விரும்பும் பெரியவர்களுக்கு, நிக்கோட்டின் ஒட்டுத்தாள், நிக்கோட்டின் சூயிங்கம் முதலியவற்றைவிட மின்சிகரெட்டு அதிகமாக உதவுகிறது என்று காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்புக் கூறுகிறது. ஆனால் ஒருபோதும் சிகரெட்டு பிடித்திராத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதை விட உதவும் கருவி எதற்கு?

கருவியின் அமைப்பை நெருங்கிப் பார்ப்போம். பென்சிலைவிடச் சற்றுத் தடித்த அல்லது தீப்பெட்டி அளவேயான ஓர் உறை; அதற்குள் ஒரு மின்கலம்; மின்கலத்தின் தலைப்பில் மெல்லிய கம்பிச் சுருள்; சுருளைத் தொட்டபடி ஒரு திரி; திரி தோய்ந்திருக்கும் ஒரு சிறு சிமிழில் திரவம். வாயில் வைத்து உறிஞ்சியதும் உள்ளே காற்றின் அழுத்தம் மாறுகிறது. அதை உணரும் பொறி மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது. சுருள் சூடேறித் திரியிலுள்ள திரவத்தைக் கொதிக்கச் செய்கிறது. எழுந்த ஆவி குளிர்ந்த காற்றைச் சந்தித்து நுண்ணிய துளிகளாகத் திரள்கிறது. வெண்மையாக வெளிவருவது அத்துளிகளின் கூட்டமே. திரவத்தில் பெரும்பகுதி கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் பொருளும். மிச்சம் நிக்கோட்டினும் சுவையூட்டிகளும். இந்தச் சுவையூட்டிகளுட் பல, தின்பண்டத்தில் சேர்ப்பதற்குத் தீங்கற்றவையென்று அங்கீகாரம் பெற்றவை. இரைப்பைக்குள் போவதற்குக் கிடைத்த அங்கீகாரம் நுரையீரலுக்குள் போவதற்குச் செல்லாது.

பழைய மின்சிகரெட்டில் ஒரு தடை இருந்தது. தனி நிக்கோட்டின் காரத்தன்மை உடையது. அளவு கூடினால் தொண்டையைக் கரகரவென்று அறுக்கும். பழக்கமில்லாத பிள்ளை இருமித் தள்ளிவிடும். 2015-இல் கலிபோர்னியாவிலிருந்து கடைக்கு வந்த ஜூல் என்னும் கருவி அந்தத் தடையை ரசாயனத்தால் நீக்கியது. நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கியதால் காரம் தணிந்தது, தொண்டை எதிர்க்கவில்லை, ஆகவே நிக்கோட்டினின் அளவை உயர்த்த முடிந்தது. ஜூலின் திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிக்கோட்டின் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த உச்சவரம்போ 20 மில்லிகிராம். ஒரு சிறு சிமிழ் ஒரு பெட்டிச் சிகரெட்டுக்கு ஏறக்குறையச் சமம் என்று கம்பெனியே கூறிற்று. மாம்பழம், புதினா, பிரெஞ்சுக்காரரின் கிரெம் புருலே என்னும் பாற்பலகாரம் முதலிய சுவைகளில் அது கிடைத்தது.

இங்கே வரலாறு ஒரு வட்டமிட்டுத் திரும்புவதைக் காணலாம். 1928-இல் ஹில் இனிப்பை விட்டுச் சிகரெட்டை எடுக்கச் சொன்னார். இனிப்பும் சிகரெட்டும் அன்று இரண்டு பொருள்கள். இப்பொழுது வாய்க்குப் பலகாரத்தின் ருசியும், வயிற்றுக்கு ஒரு கலோரியும் சேராத நிம்மதியும், மூளைக்கு நிக்கோட்டினும் ஒரே மூச்சில் கிடைக்கின்றன. எடையைக் கட்டுப்படுத்த எண்ணும் ஓர் இளம்பெண்ணின் மனத்தில் இதைவிடப் பொருத்தமாக இடம் பிடிக்கக்கூடிய ஒரு பொருளைத் திட்டமிட்டுச் செய்வதும் கடினம். 1928-ஆம் ஆண்டின் விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் இன்று அச்சிட்டுப் பரப்ப முடியாதென்றாலும், பொருளே அந்த விளம்பரத்தைத் தன்னுள் சுமந்துகொண்டிருக்கிறது. வெளிப்படையாகவே சொல்லத் துணிந்தவர்களும் இல்லாமற் போகவில்லை: ரிமொனபான்ட் என்பது மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் உண்டாக்குகிறதென்று ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டதும், அமெரிக்காவில் ஒருபோதும் அநுமதி பெறாததுமான ஓர் எடைக்குறைப்பு மருந்து; அதை மின்சிகரெட்டுத் திரவத்தில் கலந்து விற்ற ஒரு நிறுவனத்திற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

2011-இல் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவருள் நூற்றுக்கு ஒருவர் இருவரே மின்சிகரெட்டு பிடித்தார்கள். 2017-இல் அந்த விகிதம் 11.7 சதவீதம், மறு ஆண்டில் 20.8, அதற்கு மறு ஆண்டில் 27.5. 2018 டிசம்பரில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ் இதைக் கொள்ளைநோயென்றே அறிவித்தார். பிறகு வாங்குவதற்குரிய வயது 21-ஆக உயர்த்தப்பட்டது. சிமிழ்களில் பெரும்பாலான சுவைகளுக்குத் தடை வந்தது. 2024-இல் விகிதம் 7.8 சதவீதத்திற்கு இறங்கியது. இறக்கம் மகிழத்தக்கதே. ஆயினும் அந்த ஆண்டில் மின்சிகரெட்டு பிடித்த மாணவருள் நான்கில் ஒருவருக்கு மேல் அதை நாள் தவறாமல் பிடித்தவர்கள். வேடிக்கைக்காகத் தொட்டவர்கள் விலகிவிட, ஏதோ ஒரு காரணம் பற்றி அதை இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் எஞ்சுகிறார்கள். அந்தக் காரணங்களுள் ஒன்றே நம் விசாரணைப் பொருள்.

வளரும் உடலும் பார்க்கும் கண்களும்

பருவமெய்தும் காலத்தில் பெண்ணுடலில் கொழுப்பின் விகிதம் உயர்வது இயற்கையின் நியதி. எலும்பு வளர்ச்சிக்கும், மாதவிலக்குச் சக்கரம் ஒழுங்குபடுவதற்கும், பிற்காலத் தாய்மைக்கும் தேவையான சேமிப்பு அது. ஆண்பிள்ளைக்கோ அதே காலத்தில் தசை மிகுகிறது. ஆகவே உடலைப் பற்றிய அவனது கவலை பெரும்பாலும் மெலிவைவிடத் தசைக்கட்டை நோக்கியே செல்லும். அரையாடை பொருந்தாமற் போவதும், எடைக்கருவியின் முள் நகர்வதும் வளர்ச்சியின் அடையாளங்கள் என்று ஒரு பெண்ணுக்கு எவரும் எடுத்துச் சொல்லாதபோது, அவற்றைத் தன் குற்றமென்று அவள் எண்ணிக்கொள்கிறாள்.

அந்த எண்ணத்தை விதைப்பதில் காட்சிகளுக்குள்ள வலிமையை ஃபிஜித் தீவில் நடந்த ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியது. நல்ல உடற்கட்டையும் நிறைய உண்பதையும் மதித்துப் போற்றிய அச்சமூகத்தில், நட்ரோகா மாகாணத்திற்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், மூன்று ஆண்டுகள் கழித்தும், ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அங்குள்ள பள்ளிப் பெண்களின் உணவு மனப்பான்மையை ஒரே வினாத்தாளால் அளந்தார். கவலைக்கிடமான மதிப்பெண் பெற்றோர் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாயினர். எடை குறைப்பதற்காகத் தாமே வாந்தியெடுக்கும் வழக்கம் முதல் ஆண்டில் ஒருவரிடமும் இல்லை, 1998-இல் 11.3 சதவீதத்தினரிடம் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியாவது கூடத்தில் ஒரு மூலையில் நின்றது. இன்றைய பெண் தன் தோழிகளின் திருத்தி அழகுபடுத்திய படங்களைப் படுக்கையிலும் கையில் வைத்திருக்கிறாள். பதின்வயதுப் பெண்கள் மூவரில் ஒருத்திக்கு உடலைப் பற்றிய மனக்குறையைத் தங்கள் இன்ஸ்டாகிராம் மேலும் மோசமாக்குகிறது என்று அதை நடத்தும் கம்பெனியே தனக்குள் எழுதிவைத்திருந்த குறிப்பு 2021-இல் வெளிப்பட்டது.

இந்த மனக்குறைக்கும் புகைக்கும் உள்ள உறவு மின்சிகரெட்டுக்கு முற்பட்டது. மின்னசோட்டாவில் 1,705 மாணவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எடையைப் பற்றியே ஓயாமல் எண்ணிய பெண்களும், எடையைக் குறைக்க முயன்ற பெண்களும், அவ்வெண்ணமும் முயற்சியும் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகப் புகைக்கத் தொடங்கினார்கள். பையன்களிடம் இந்தத் தொடர்பு தென்படவில்லை. புகைக்குப் பின் கவலை வரவில்லை, கவலைக்குப் பின்னரே புகை வந்தது என்ற கால வரிசையே அந்த ஆராய்ச்சியின் சிறப்பு. மின்சிகரெட்டைப் பற்றிய ஆராய்ச்சிகள் இதே திசையைக் காட்டுகின்றன. கைல் கான்சனும் ஜேசன் நகாட்டாவும் 51,231 அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றிய தகவலை ஆராய்ந்து, மின்சிகரெட்டு பிடிப்போரிடம் உணவுக் கோளாறு நோய்களும் அவற்றுக்கான அறிகுறிகளும் மிகுந்திருப்பதை 2021-இல் வெளியிட்டார்கள். ஒரே வேளையில் எடுத்த கணக்கெடுப்பு ஆதலால் எது காரணம், எது காரியம் என்று இதைக்கொண்டு மட்டும் அறுதியிட இயலாது. தனிமை, மனச்சோர்வு முதலிய மூன்றாவது காரணம் இரண்டையும் ஒருங்கே பிறப்பித்திருக்கவும் கூடும். எனினும் மின்சிகரெட்டோடு ஒரு பிள்ளை மருத்துவரிடம் வந்தால், அப்பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றியும் விசாரிப்பது கடமையென்று சொல்ல இந்த அளவு சாட்சியமே போதும்.

கணக்கின் மறுபக்கம்

மெலிவதற்காகப் புகைப்பவர் மெலிந்தாவது போகிறாரா என்ற வினாவுக்கு வருவோம். ஃபின்லாந்தில் 1970-களின் பிற்பகுதியில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைப் பதின்வயது முதல் இருபதுகள் வரை தொடர்ந்து கவனித்தவர்கள் 2009-இல் தெரிவித்த முடிவு சிந்திக்கத்தக்கது. பதின்வயதில் நாள்தோறும் பத்துச் சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்த பெண்களின் இடுப்பளவு, பின்னாளில், பிடிக்காத பெண்களுடையதைவிட 3.4 சென்டிமீட்டர் மிகுந்திருந்தது. புகைப்பவர்களின் மொத்த எடை குறைந்திருந்தபோதிலும் அவர்கள் உடலில் உள்ள கொழுப்பு வயிற்றுப்பகுதியில் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்து தங்குவதும், இன்சுலினின் ஆற்றல் அவர்களிடம் குன்றுவதும், சர்க்கரைநோய் அவர்களுக்கு 30 முதல் 40 சதவீதம் அதிகமாக வருவதும் மருத்துவம் ஏற்றுக்கொண்டவை. இவையெல்லாம் எரியும் புகையிலையைப் பிடித்தவர்களிடம் கண்டவை; மின்சிகரெட்டோடு வளர்ந்த தலைமுறையின் நடுவயது இனிமேல்தான் வரவேண்டும். ஆனால் பசியின்மேல் வேலை செய்யும் நிக்கோட்டின் இரண்டிலும் ஒன்றே.

பட்டினி மூலமாக எடையை ஆளும் முயற்சியும் இதே முடிவைத்தான் தருகிறது. டயான் நியூமார்க்-ஸ்டைனர் மின்னசோட்டாவில் நடத்திய ஆராய்ச்சியில், 1998-99-இல் பள்ளிப் பிள்ளைகளாக இருந்த 2,516 பேரை ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தபோது, எடை குறைக்க வேண்டி உணவைக் குறைத்தும் வேளைகளைத் தவிர்த்தும் வந்தவர்களே மற்றவர்களைவிட அதிகமாகப் பருத்திருந்தார்கள். வளரும் உடலை வஞ்சித்தால் அது பின்னர் பெரும்பசியாகக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. நிக்கோட்டினால் பசியை மூடிவைப்பதும் பட்டினியின் ஒரு வடிவமே. மூடி எடுபடும் நாளில் நிகழ்வதும் அதுவே. ஆகவே ஒரு பெண் எந்த எடைக்கு அஞ்சிக் குழலைத் தொட்டாளோ, அதே எடைக்கு அஞ்சி அதை விடமுடியாதவளாகிறாள். உள்ளே இழுப்பதற்கும் வெளியே விடாதிருப்பதற்கும் ஒரே அச்சம் காவல் நிற்கிறது.

அச்சத்திற்கு மருந்து

இத்தகையோருக்கு உதவ முயன்ற வைத்தியர்கள் முதலில் செய்தது அறிவுக்குப் பொருந்துவதாகவே தோன்றும். எடை கூடும் என்ற அச்சம் புகையை விடத் தடையாக இருக்கிறது. எனவே எடை கூடாமலிருக்க உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கற்பித்தால் தடை நீங்கும் என்று அவர்கள் கருதினார்கள். இந்தக் கருத்தைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் பெர்கின்ஸ் சோதனைக்கு உட்படுத்தினார். எடையைப் பற்றிக் கவலைகொண்டிருந்த, புகையை விட விரும்பிய 219 பெண்களை மூன்று பிரிவாக்கினார். எல்லாருக்கும் புகையை விடுவதற்கான வழக்கமான ஆலோசனை உண்டு. அதற்கு மேல், ஒரு பிரிவுக்கு எடைக் கட்டுப்பாடு கற்பிக்கப்பட்டது. வேறொரு பிரிவுக்கு, சில கிலோ கூடுவது பேரிடரன்று என்றும், உடல் எடையைக் கொண்டு தன் மதிப்பை அளப்பது தவறென்றும், உணவை வெட்டிக் குறைக்க வேண்டாமென்றும் எடுத்துச் சொல்லி, எடையைப் பற்றிய எண்ணத்தையே திருத்தும் சிகிச்சை அளிக்கப்பட்டது.

2001-இல் வெளிவந்த முடிவு பலரை வியக்கவைத்தது. ஓராண்டின் இறுதியில் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுள் 9 சதவீதத்தினரும், எடைக் கட்டுப்பாடு கற்றவர்களுள் 13 சதவீதத்தினரும், எண்ணத்தைத் திருத்திக்கொண்டவர்களுள் 21 சதவீதத்தினரும் புகையின்றி இருந்தார்கள். இதைவிட வியப்பு எடையில் இருந்தது. புகையை விட்டவர்களுள் முதற் பிரிவினர் சராசரி 7.7 கிலோவும், உணவைக் கட்டுப்படுத்தக் கற்றவர்கள் 5.4 கிலோவும் கூடியிருக்க, எடையைப் பற்றி அஞ்சவேண்டாமென்று கற்றவர்கள் 2.5 கிலோவே கூடியிருந்தார்கள். எடையைக் குறிவைத்த வைத்தியத்தைவிட, எடையைப் பற்றிய அச்சத்தைக் குறிவைத்த வைத்தியம் எடையையும் நன்றாக ஆண்டது.

அந்தப் பெண்கள் வயது வந்தவர்கள், சிகரெட்டு பிடித்தவர்கள். பதின்வயதினரிடத்து இதை அப்படியே பெயர்த்து வைத்துவிட முடியாதெனினும், சரக்கின் உயிர்நிலை எங்கிருக்கிறது என்பதை இந்தச் சோதனை சுட்டிவிட்டது. ஹில் விற்றதும், பின்வந்தவர்கள் விற்றதும் அச்சத்திலிருந்து சில மணிநேர விடுதலை. அந்த அச்சத்தைத் தொடாமல், நுரையீரல் கெடும், பணம் பாழாகும் என்று மட்டும் ஒரு பெண்ணிடம் சொல்வது, அவள் எதை வாங்கினாள் என்று விசாரியாமலே திருப்பிக் கொடுக்கச் சொல்வதாகும்.

பழக்கத்தைப் பிள்ளைகள் விடக்கூடும் என்பதில் சந்தேகமில்லை. 13 முதல் 17 வயது வரையுள்ள 1,503 அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கைபேசி வழியே குறுஞ்செய்திகளால் ஆலோசனை அனுப்பிப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. ஏழு மாதத்தில், ஆலோசனை பெற்றோருள் 37.8 சதவீதத்தினரும் பெறாதோருள் 28 சதவீதத்தினரும் மின்சிகரெட்டைத் தொடாதிருந்தார்கள். பிள்ளையிடம் கனிவோடும் இடைவிடாமலும் பேசுவதற்கே இவ்வளவு பயன் உண்டு. அந்தப் பேச்சில் எடையைப் பற்றிய ஒரு வினாவும் சேர்ந்தால், அதை அநாவசியமென்று கருத வேண்டியதில்லை. இழுக்காமலிருந்தால் குண்டாகிவிடுவோம் என்று நினைக்கிறாயா என்று மருத்துவர் கேட்கச் செலவாகும் நேரம் அரை நிமிஷம். ஆம் என்று விடை வந்தால், சிகிச்சையைச் சாப்பாட்டு மேசையிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. எடையைப் பற்றிக் குடும்பத்தார் கேலி பேசும் வீட்டுப் பிள்ளைகளிடம் அளவின்றித் தின்பதும், ஆபத்தான முறைகளில் இளைக்க முயல்வதும் மிகுதியென்று நியூமார்க்-ஸ்டைனரின் மின்னசோட்டா ஆராய்ச்சி கண்டிருக்கிறது. பிள்ளையின் பையைச் சோதித்துக் குழலைக் கைப்பற்றும் பெற்றோர், பந்தியில் அவளுடைய இரண்டாவது கரண்டிச் சோற்றைப் பார்த்துத் தாங்கள் சொன்ன வார்த்தையையும் சோதித்துப் பார்ப்பது நலம். சுவைகளைத் தடுக்கவும் வயது வரம்பை உயர்த்தவும் சட்டத்தால் முடிந்தது. அந்த வார்த்தையை நிறுத்த அதனால் முடியாது, வீட்டிலிருப்பவர்களால் முடியும்.